சின்னதாய் ஒன்று, சட்டைக்குள் தெரியாமல்

கேள்வி: பத்து வருடமாக டாலஸ் பக்கம் இருக்கிறோம். இந்த வருடம்தான் கிரீன் கார்டு கைக்கு வந்தது. நள்ளிரவில் வேலை முடிந்து வரும் வழியில் பெட்ரோல் போட நின்றால் உள்ளுக்குள் ஒரு உதறல். தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள, டி-ஷர்ட்டுக்கு வெளியே துருத்தாமல், இருப்பதிலேயே சின்னதாக, ஒல்லியாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். கடுகு சிறுத்தாலும் காரம் போகாதே! தேவைப்பட்டால் மனைவியும் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம் (இரண்டு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது). எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர், பணம் தருகிறேன், எனக்கும் ஒன்று உங்கள் பெயரில் வாங்கிக் கொடுங்கள் என்கிறார். எதை வாங்கலாம்? நீங்கள் எது வைத்திருக்கிறீர்கள்?
— பெயர் வேண்டாம், டெக்ஸாஸ்

பதில்: நண்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்கிக் கொடுக்காதீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது தனக்குப் பொருந்துமா என்று அவர் கேட்கவேண்டிய ஆள் குடியேற்ற வழக்கறிஞர். நீங்களோ நானோ அல்ல. கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில், துப்பாக்கியை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கும். நண்பரின் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு 'ஆம்' என்று எழுதினால் அது பொய். 2022-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இப்படிப் பினாமியாக வாங்கிக் கொடுப்பதற்கு 15 ஆண்டு வரை சிறை. தவிர, ஆயுதக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்தலாம். பத்து வருடம் காத்திருந்து வாங்கிய அட்டை அது. உறவு முறிந்தாலும் பரவாயில்லை, முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

சரி, உங்கள் கடுகுக்கு வருவோம். காரம் போகாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரம் முதலில் எரிவது உங்கள் கையில்.

போன வருடம் ஒரு ரேஞ்சில் (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) வாடகைக்கு எடுத்து இரண்டைச் சுட்டுப் பார்த்தேன். முதலாவது, .380 தோட்டா போடும் குட்டிப் பிஸ்டல். காலியாக 280 கிராம்கூட இல்லை. பேன்ட் பாக்கெட்டில் போட்டால் போன்தான் கனமாகத் தெரியும். கையில் பிடித்தபோது இரண்டு விரல்தான் பிடியில் உட்கார்ந்தது. சுண்டுவிரல் கீழே அந்தரத்தில் தொங்கியது. முதல் வெடியிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் யாரோ ஸ்கேலால் அடித்தது போல இருந்தது. மூன்றாவதற்கு வருவதற்குள், அடி விழப்போகிறது என்று தெரிந்து கை தானாகவே கீழே இழுத்துக்கொண்டது. ஏழு கஜ தூரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம். ஏழு தோட்டாவில் மூன்றுதான் அதற்குள் விழுந்தது. அடுத்து க்ளாக் 19. பெரியது, தடிமன், 15 தோட்டா கொள்ளும். அதே கை, அதே கண். ஏழில் ஆறு வட்டத்துக்குள்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும். குழல் குட்டையானால், குறிபார்க்க மேலே வைத்திருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுருங்கும். கை ஒரு நூல் அசைந்தாலும் இலக்கு ஒரு சாண் தள்ளிப்போகும். ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் போய்வரும் மேல் பாகம், லேசானது என்பதால் ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்திருப்பார்கள். பின்னால் இழுக்க விரலில் நல்ல பலம் வேண்டும். முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு இருப்பதிலேயே சின்னதை எடுத்து நீட்டுவது, நீச்சல் பழக வந்தவரை நேராகக் கிணற்றில் இறக்குவது மாதிரி.

சில கடைகளில் உங்கள் மனைவிக்கு என்று ஐந்து தோட்டா போடும் எடை குறைந்த ரிவால்வரைக் காட்டுவார்கள். பெண்களுக்கு இதுதான் சுலபம் என்ற பேச்சும் கூடவே வரும். அதன் விசையை (டிரிக்கரை) இழுக்கச் சாதாரணப் பிஸ்டலைப் போல இரண்டு மடங்கு பலம் வேண்டும். கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

என் கட்சி இதுதான்: ஒல்லி வேறு, குட்டை வேறு. ஒல்லியாக வாங்குங்கள், பிடி குட்டையானதை வாங்காதீர்கள். இடுப்பில் நாள் முழுக்கக் குத்துவது தடிமன். ஒன்றேகால் அங்குலம் ஒரு அங்குலமாகக் குறைந்தால் அந்த வித்தியாசத்தை உட்காரும்போது உணர்வீர்கள். முன்பெல்லாம் ஒல்லி வேண்டும் என்றால் தோட்டாவைத் தியாகம் செய்ய வேண்டும். 2012-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டில் ஏழு, எட்டு. 2015-இல் வந்த க்ளாக் 43-இல் ஆறு. 2018 ஜனவரியில் சிக் சாவர் என்ற கம்பெனி பி365-ஐ இறக்கியது. அதன் மேகசினுக்குள் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) அவை ஒற்றை வரிசையாக நிற்காமல் அரைகுறையாக இரட்டை வரிசையில் நெருக்கிக்கொள்ளும். மேலே போகப் போக ஒன்றாகிவிடும். அதே ஒரு அங்குலத் தடிமனில் 9 எம்எம் தோட்டா பத்து. மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அடுத்த வருடமே ஸ்பிரிங்ஃபீல்டின் ஹெல்கேட், 2021-இல் ஷீல்ட் ப்ளஸ் என்று வரிசை கட்டின.

நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கவேண்டியவை இவை: பி365 எக்ஸ்எல், க்ளாக் 43எக்ஸ், ஷீல்ட் ப்ளஸ். மூன்றும் காலியாக அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சுண்டுவிரலுக்கும் இடம் கிடைக்கும் (ஷீல்ட் ப்ளஸில் நீளமான மேகசினைப் போட்டால்). நீளமான பிடி சட்டையில் கொஞ்சம் துருத்தும் என்பது உண்மை. அதற்கு ஒரு சைஸ் பெரிய சட்டை போதும். இந்த மூன்றில் எது என்று என்னைக் கேட்காதீர்கள். செருப்பு வாங்குவது போல, அவரவர் கையில் போட்டுப் பார்த்துத்தான் தெரியும். மனைவிக்கு ஸ்லைடு இழுக்க வரவில்லை என்றால் ஷீல்ட் ஈஸீ என்று ஒன்று அதற்காகவே செய்கிறார்கள். ஆனால் அது அவ்வளவு சின்னது இல்லை. கையும் பாக்கெட்டும் ஒரே நேரத்தில் சந்தோஷப்படுவது அபூர்வம்.

வாங்கும் காசில் துப்பாக்கி உறைக்கும் (ஹோல்ஸ்டர்) பெல்ட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். உறை விசையை முழுசாக மூட வேண்டும். விரலோ, சாவியோ, சட்டை நுனியோ உள்ளே போகக்கூடாது. பெல்ட் தொய்யாமல் நிற்க வேண்டும். பிளாக்ஸிகோ பர்ரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு சூப்பர் பவுலை வென்று கொடுத்த டச்டவுன் அவருடையது. அதே வருடம் நவம்பரில் மன்ஹாட்டனில் ஒரு இரவு விடுதிக்கு, உறை இல்லாமல் க்ளாக்கை இடுப்பில் வெறுமனே செருகிக்கொண்டு போனார். அது பேன்ட்டுக்குள் சரிந்தது. விழுகிற பொருளைப் பிடிக்கக் கை தானாகப் போகுமே, போனது. விரல் விசையில் பட்டது. தன் தொடையில் தானே சுட்டுக்கொண்டார். ஃபுளோரிடா அனுமதி காலாவதி, நியூயார்க் அனுமதி இல்லவே இல்லை. இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கியவருக்கு ஒரு உறை வாங்கத் தோன்றவில்லை.

கைப்பை யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். கைப்பையை நாற்காலியில் மாட்டுவோம், தள்ளுவண்டியில் வைப்போம், குழந்தை அதில் பிஸ்கட் தேடும். 2014 டிசம்பர் கடைசியில், ஐடாஹோவின் ஹேடன் ஊரில், கடைத் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அம்மாவின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டான். அது வெடித்து அம்மா அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்துத் தைத்த பை அது. உங்கள் குழந்தைக்கும் இரண்டு வயது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான், அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள். துப்பாக்கி உங்கள் உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டியில். கார் டேஷ்போர்டு, தலையணை, அலமாரி உச்சி எதுவும் கணக்கில் வராது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, வேறு தடை இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். இருந்தாலும் உரிமத்துக்கான வகுப்புக்குப் போய் வாங்கிவிடுங்கள். பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போகும்போது உதவும். கலிஃபோர்னியா அதையும் மதிக்காது. ஊரிலேயே பள்ளிக்கூடம், தபால் நிலையம், வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவில் வரும் பார்கள் எல்லாம் கூடாத இடங்கள். கடை வாசலில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அறிவிப்பு இருந்தால் நின்று படியுங்கள். துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று சட்டப்படி சொல்லும் பலகையாக இருக்கும்.

விமான நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூறில் தொண்ணூறுக்கு மேல் தோட்டா போட்டவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒரே காரணம்: பையில் இருந்ததை மறந்துவிட்டேன். லேசாக, ஒல்லியாக, இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும் என்று தேடித் தேடி வாங்கினால் அப்புறம் மறக்காமல் என்ன செய்யும்?

உங்கள் பெட்ரோல் பங்க் உதறலுக்கு ஒரு வழி: பகலிலேயே நிரப்பிவிடுங்கள். கிண்டல் இல்லை, செலவில்லாத யோசனை. அதற்கு மேலும் துப்பாக்கி வேண்டும் என்றால், வாங்குமுன் நாலைந்து வாரம் ரேஞ்சுக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஐம்பது தோட்டாவாவது சுடுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். துப்பாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று அறிவுரை சொல்லாதீர்கள்.

கடைசிக் கேள்வி, நான் எது வைத்திருக்கிறேன் என்று. எதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுச் சாவியைத் தேடுகிற ஆள் நான்.