சட்டையின் நிறத்தை மாற்றத் துணிந்தவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

வீடியோ கேம்களில் வரும் பாத்திரங்களின் தோற்றத்தை மாற்றுவது குறித்து வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களில் பலரும் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' விளையாடுபவர்கள் என்பதால், பதில்களும் அந்த விளையாட்டையொட்டியே அமைகின்றன.

கேள்வி: ஜிம்ப் மென்பொருளில் ஓரளவு வரையத் தெரியும். சான் ஆண்ட்ரியாஸில் ஒரு பாத்திரத்தின் உடையை மாற்ற எங்கிருந்து தொடங்க வேண்டும்? கதாநாயகன் சிஜேயை வைத்தே தொடங்கலாமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: சிஜேயை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவர் ஒரே வார்ப்பில் உருவானவர் அல்லர். தலை, உடல், கால், காலணி ஆகியவை தனித்தனியாகப் பொருத்தப்பட்டுள்ளன. அத்துடன் அவர் அதிகம் சாப்பிட்டால் பருப்பார், உடற்பயிற்சி செய்தால் இறுகுவார், அவர் அணியும் ஒவ்வொரு உடையும் இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டும். தெருவில் நடமாடும் ஒருவரை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பச்சை உடைக்குப் பெயர்போன குரோவ் ஸ்ட்ரீட் கூட்டத்தில் 'ஃபேம்1' என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இரண்டே கோப்புகள்: உருவத்தின் வடிவத்தைச் சொல்லும் டிஎஃப்எஃப் ஒன்று, அந்த வடிவத்தின்மேல் போர்த்தப்படும் படத்தை வைத்திருக்கும் டிஎக்ஸ்டி ஒன்று. உங்கள் வேலை முழுவதும் இரண்டாவதில்தான்.

இவ்விரண்டும் 'ஜிடிஏ3' என்ற பெரிய ஐஎம்ஜி கோப்புக்குள் இருக்கின்றன. ஆல்சிஸ் ஐஎம்ஜி எடிட்டரில் அதைத் திறந்து, ஃபேம்1இன் டிஎக்ஸ்டியை மட்டும் வெளியே எடுங்கள்; பிறகு மேஜிக் டிஎக்ஸ்டி என்ற கருவியில் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் படத்தைப் பிஎன்ஜியாகச் சேமித்து ஜிம்ப்புக்குக் கொண்டுபோகலாம். முதல் முறை பார்க்கும்போது அந்தப் படம் திகைப்பூட்டும். முகம் ஒரு மூலையில் அகன்று கிடக்கும், கை ஒருபுறம், முதுகு ஒருபுறம். தையற்காரர் வெட்டிப் பரப்பிய துணித் துண்டுகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் துண்டு உடலின் எந்த இடத்தில் போய் உட்காரும் என்பது டிஎஃப்எஃப்புக்குத்தான் தெரியும், அதை நாம் மாற்றப்போவதில்லை.

முதல் நாளில் எதையும் புதிதாக வரையாதீர்கள். சட்டைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து அதன் நிறத்தை மட்டும் பச்சையிலிருந்து நீலத்துக்குத் திருப்புங்கள். தூரிகையை எடுத்து நீலம் பூசிவிடலாமே என்று தோன்றும். பூசினால் சட்டை அட்டையில் வெட்டியது போல் தட்டையாகிவிடும். ஏனெனில் இந்த விளையாட்டில் துணியின் மடிப்பும் அக்குளின் நிழலும் படத்திலேயே வரையப்பட்டவை. நிறத்தைத் திருப்பினால் அந்த நிழல்கள் அப்படியே தங்கும்.

திருத்திய படத்தை மேஜிக் டிஎக்ஸ்டியில் பழைய படத்தின் இடத்தில் வைக்கும்போது பெயரை மாற்றக் கூடாது. டிஎஃப்எஃப் அந்தப் பெயரைச் சொல்லித்தான் படத்தைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் பாத்திரம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளையாக நிற்கும். இறுதியாக, அந்த டிஎக்ஸ்டியை மூலக் கோப்புக்குள் திரும்பத் திணிக்காமல், மோட் லோடர் என்ற துணைநிரலை நிறுவி அதன் கோப்புறையில் போட்டுவிடுங்கள். விளையாட்டு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். வேண்டாமென்றால் நீக்கிவிட்டால் போதும், பழைய சட்டை திரும்பிவிடும். நான் தொடங்கிய காலத்தில் மூலக் கோப்பிலேயே கைவைத்து, பிரதி எடுக்க மறந்து, முழு விளையாட்டையும் மறுபடி நிறுவினேன்.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் 2005இல் கணினிக்கு வந்த மூலப் பதிப்புக்கே பொருந்தும். 2021இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பதிப்பு, அன்ரியல் எஞ்சின் என்ற வேறோர் அடித்தள மென்பொருளில் இயங்குவது. அதில் டிஎக்ஸ்டிக்கு வேலையில்லை.

கேள்வி: ஒரு பாத்திரத்தின் கால்சட்டையை வெள்ளையாக்கி, ஓரத்தில் கரையும் வரைந்து வேட்டியாக்கினேன். நின்றாலும் நடந்தாலும் வெள்ளைக் கால்சட்டை போட்டவராகத்தான் தெரிகிறார். எங்கே தவறு?
– வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் வரைதலில் தவறில்லை. டெக்ஸ்சர், அதாவது உருவத்தின்மேல் போர்த்தப்படும் படம், தோல் மட்டுமே. அதன் கீழே இருக்கும் வடிவத்தை அது மாற்றாது. கால்சட்டை போட்ட உருவத்துக்கு இரண்டு தனித்தனிக் குழாய்கள்தான் கால்கள், அவற்றுக்கு நடுவே வெற்றிடம். வேட்டியோ இரு கால்களையும் ஒன்றாகச் சுற்றி வரும் துணி. அந்த நடுவெளியை மூட அங்கே ஒரு பரப்பே இல்லாதபோது, எதன்மேல் நிறம் பூச முடியும்? பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் டிராகன்எஃப்எஃப் என்ற துணைநிரலின் உதவியோடு டிஎஃப்எஃப்பைத் திறந்து புதிய பரப்பைச் சேர்த்து, அது உருவத்தை அசைக்கும் உள் எலும்புகளில் எதனோடு எவ்வளவு அசைய வேண்டும் என்றும் சொல்லித்தர வேண்டியிருக்கும். அது செய்யக்கூடியதே, ஆனால் அது மாடலிங், அதாவது வடிவத்தையே உருவாக்கும் வேலை, அதற்குச் சில மாதப் பழக்கம் வேண்டும்.

அதுவரை ஒரு குறுக்குவழி இருக்கிறது. பஞ்சகச்சம் கட்டினால் துணி இரண்டு கால்களையும் தனித்தனியாகத்தான் சுற்றுகிறது. தொளதொளப்பான கால்சட்டை போட்ட பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முன்புறம் கொசுவமும் முழங்காலுக்குக் கீழே சாய்ந்து இறங்கும் மடிப்புகளும் வரைந்து பாருங்கள். சற்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கால்சட்டையின் நினைவே வராது. வெள்ளையை முழு வெள்ளையாக வைக்காமல் சற்றே சாம்பல் கலந்து வைத்தால்தான் மடிப்பின் மேடுகளை அதைவிட வெளிறிய நிறத்தில் காட்ட இடமிருக்கும்.

கேள்வி: பச்சைச் சட்டையில் சிவப்பு நிறத்தில் 'அ' என்று எழுதினேன். ஒரு கையில் சரியாகவும் மறு கையில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியும் வருகிறது. போதாக்குறைக்கு எழுத்தின் விளிம்பு அழுக்காகக் கலங்கியிருக்கிறது. ஜிம்ப்பில் பளிச்சென்றுதான் இருந்தது.
– பள்ளி ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை, இரண்டுக்கும் பழைய சிக்கனமே வேர். இந்த விளையாட்டு முதலில் 2004இல் பிளேஸ்டேஷன் 2க்காக வந்தது. அந்தக் கருவியின் முதன்மை நினைவகம் 32 எம்பி, படங்களுக்கென்று தனியாக இருந்தது வெறும் 4 எம்பி. ஆகவே ஒரு கையை மட்டும் வரைந்து, மறு கைக்கும் அதையே திருப்பிப் போர்த்துவது அக்காலத்து வழக்கம். இப்படிப் பகிரப்பட்ட இடங்களில் எழுத்தைத் தவிர்த்து, திரும்பினாலும் மாறாத கோடு, வட்டம், நட்சத்திரம் போன்றவற்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடம் பகிரப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கப் படம் முழுவதையும் கட்டங்களாக்கி, கட்டத்துக்கு ஓர் எழுத்தும் எண்ணும் இட்டு ஒரு முறை விளையாட்டுக்குள் ஏற்றிப் பாருங்கள். கோமாளிபோல் நிற்கும் அந்தப் பாத்திரத்தைச் சுற்றி வந்து பத்துப் படம் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு எத்தனை உடை வரைந்தாலும் அதுவே வரைபடம்.

கலங்கலுக்குக் காரணம் படத்தைச் சுருக்கும் முறை. அது படத்தை நான்குக்கு நான்கு புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு இரண்டு நிறங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது. மற்றவை அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கலவைகள். சிவப்பும் பச்சையும் ஒரே கட்டத்தில் சந்தித்தால் இடையில் கிடைக்கும் கலவை சேற்று நிறம்தான். எழுத்தின் விளிம்பை ஜிம்ப் மென்மையாக்கும்போது இன்னும் பல நிறங்கள் அந்தக் கட்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன. ஆகவே எழுத்தைத் தடிமனாக்கி, விளிம்பை மென்மையாக்காமல், சிவப்புக்குப் பதில் வெள்ளையோ வெளிர்மஞ்சளோ பயன்படுத்துங்கள்.

படத்தையே பெரிதாக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆக்கலாம், ஆனால் 256, 512, 1024 என்று இரட்டித்துப் போகும் அளவுகளில் மட்டும். இந்தச் சுருக்கத்தில் 256க்கு 256 படம் 32 கேபி. 1024க்கு 1024 படம் 512 கேபி. ஒருவருக்குச் செய்தால் சுமையில்லை. தெருவில் நடப்போர் அத்தனை பேருக்கும் செய்தால், சாலையும் கட்டடமும் தாமதமாகத் தோன்றத் தொடங்கும்.

கேள்வி: கணினி இல்லை. இதையெல்லாம் ஆண்ட்ராய்டு கைபேசியில் செய்ய முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கைபேசிப் பதிப்பில் படங்கள் டிஎக்ஸ்டியாக அல்லாமல் வேறு அமைப்பில் அடைக்கப்பட்டுள்ளன. முடியாது என்று சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்ள ஏற்ற இடம் அது அன்று. கைபேசியில் வரையும் ஆர்வம் இருந்தால் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு ஸ்கின், அதாவது பாத்திரத்தின் தோற்றப் படம், வரையுங்கள்: 64க்கு 64 புள்ளியில் ஒரே பிஎன்ஜி, முகத்தின் முன்புறம் எட்டுக்கு எட்டு. எட்டுப் புள்ளிக்குள் ஒருவரை அடையாளம் தெரியும்படி வரைந்து பழகியவருக்கு 256 புள்ளி மைதானம்போல் தெரியும்.

கேள்வி: நான் செய்த ஸ்கின்னை நண்பர்களுக்குக் கொடுப்பதில் சட்டச் சிக்கல் உண்டா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: சான் ஆண்ட்ரியாஸை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் 2017ஆம் ஆண்டு தந்த விளக்கத்தின்படி, அதன் கணினி விளையாட்டுகளில் தனியாள் ஆட்டத்துக்காக, வணிக நோக்கமின்றி, பிறர் உரிமையை மதித்துச் செய்யப்படும் மோட்களின்மீது, அதாவது இதுபோன்ற திருத்தங்களின்மீது, அதன் தாய் நிறுவனம் பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை. அது வாக்குறுதியாகாது, நிலைப்பாடு மட்டுமே. எனவே காசு வாங்காதீர்கள். வேறொரு விளையாட்டிலிருந்து பெயர்த்தெடுத்த முகத்தையோ, இன்னொருவர் வரைந்த சட்டையையோ கேட்காமல் சேர்க்காதீர்கள். கொடுக்கும்போது முழு ஐஎம்ஜியைக் கொடுக்காமல் நீங்கள் திருத்திய டிஎக்ஸ்டியை மட்டும் கொடுங்கள், கூடவே எந்தப் பதிப்புக்குரியது என்று ஒரு வரிக் குறிப்பும் வையுங்கள்.