வீட்டுக்குள் கூப்பிட்டால் ஓடிவரும் நாய், தெருவில் காது கேட்காததுபோல் போகிறது. எப்படிப் பழக்குவது?

இப்போது கூப்பிடும் சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். தெருவில் 'வா வா' என்று கத்தியும் அது வராமல் போன ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வெறும் சத்தமாகிவிட்டது. அதோடு, நாம் பெரும்பாலும் கூப்பிடுவது குளிப்பாட்ட, சங்கிலி மாட்ட, விளையாட்டை முடிக்க. போனால் நஷ்டம் என்று நாய் கணக்குப் போட்டு வைத்திருக்கும். 'இங்க' என்பதுபோல் புதிதாக ஒரு சொல், அல்லது விசில் போதும். பெயர் உதவாது, அதை நாள் முழுக்க சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பிஸ்கட் வீட்டுக்குள் எடுபடும். பூனை ஓடும் தெருவில் எடுபடாது. இந்தத் தீனி நாளின் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பசி நேரத்தில் 3 முதல் 5 நிமிடம், நாளுக்கு 2 தடவை போதும்.

முதல் இரண்டு நாள் பக்கத்தில் நின்று சொல்லைச் சொல்லுங்கள், உடனே ஒரு துண்டு. அவ்வளவுதான். சொன்னதும் தலை திரும்ப ஆரம்பித்தால், நாலடி பின்னால் நகர்ந்தபடி கூப்பிடுங்கள். ஒரே ஒரு முறைதான் சொல்ல வேண்டும். வந்ததும் ஒரு கையால் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உங்கள் முழங்காலை ஒட்டித் துண்டைக் கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் நாய் எட்டாத தூரத்தில் நின்று துண்டை மட்டும் கவ்விக்கொண்டு ஓடும். கொடுத்தபின் பிடியை விட்டு மறுபடி விளையாட அனுப்புங்கள்.

பிறகு மாடி, வாசல், ஆளில்லாத மைதானம். மைதானத்தில் 5 முதல் 10 மீட்டர் கயிறு வேண்டும். அதை மார்புப்பட்டையில் கட்டுங்கள், கழுத்தில் கட்டினால் ஓடி நிற்கும் வேகத்தில் கழுத்தில் அடிபடும். மெல்லிய நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும், பட்டைக் கயிறு நல்லது, கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பத்துக்கு ஒன்பது முறை உடனே வந்தால்தான் அடுத்த இடம். இடம் மாறும்போது தூரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். வீட்டில் இருபதடியிலிருந்து வந்த நாய் மைதானத்தில் ஐந்தடியில் திணறினால் அது அடமில்லை, அங்கே அதற்கு அது புதுப் பாடம்.

வரவில்லையா? திரும்பச் சொல்லாமல் அருகே போய், மூக்கருகே துண்டைக் காட்டிப் பின்னால் நடங்கள். கயிறில்லாமல் நழுவிவிட்டால் துரத்தாதீர்கள், அதற்கு அது விளையாட்டு. எதிர்ப்பக்கம் ஓடுங்கள், இல்லையென்றால் குந்தி உட்காருங்கள். தாமதமாக வந்தாலும் அடிக்கக்கூடாது. ஓடிப்போனதற்கு அடி என்று அதற்குப் புரியாது, வந்ததற்கு அடி என்றே பதியும்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு ஒன்று. அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ஓட்டம் தொடங்கியபின் கூப்பிட்டுப் பெரிதாகப் பயனில்லை. காதை விறைத்து, உடல் அசையாமல் நிற்கும் அந்த ஒரு நொடியில் கூப்பிட வேண்டும். நன்றாகப் பழகியிருந்தாலும் சாலையோரத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் பல நாய்கள், கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். அப்போது மீண்டும் நீளக் கயிறுதான். குளியலுக்கு மட்டும் ஒருபோதும் கூப்பிட வேண்டாம், நீங்களே போய்ப் பிடித்து வாருங்கள்.