எக்ஸ்ரே அறையும் ஈய ஏப்ரனும்: கேள்வி பதில்

எக்ஸ்ரே, சிடி, கேத் லேப் (இதய ரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்தபடி சிகிச்சை செய்யும் அறை) என்று பல இடங்களில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஒரு அம்மா: மேடம், என் 4 வயது மகனுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்புக்கு ஈயக் கவசம் போடச் சொன்னேன். "இப்போது போடுவதில்லை" என்றுவிட்டார்கள். அக்கறை இல்லையா?

அப்படி நினைக்காதீர்கள். 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம், நோயாளிகளுக்கு வழக்கமாகக் கவசம் போடுவதை நிறுத்தலாம் என்று அறிவித்தது. பிறகு வேறு பல அமைப்புகளும் அதே முடிவுக்கு வந்தன. நெஞ்சில் விழும் கதிர் இடுப்புக்குப் போவது பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே சிதறித்தான். வெளியே போர்த்தும் ஈயம் அதைத் தடுக்காது. கவசம் நகர்ந்து படத்துக்குள் வந்துவிட்டால் இன்னும் மோசம். பார்க்க வேண்டிய இடம் மறைந்து மறுபடி எடுக்க நேரிடும். கதிரின் அளவைத் தானே தீர்மானிக்கும் கருவியாக இருந்தால், ஈயத்தைப் பார்த்துவிட்டுக் கதிரைக் கூட்டியும் விடும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தப் படம் அவசியமா? போன வாரம் எடுத்த படம் போதாதா? தேவையான இடத்துக்கு மட்டும் கதிர் விழும்படி குறுக்கியிருக்கிறார்களா? படம் எடுக்கும் முன் உடம்பில் விழும் வெளிச்சக் கட்டம்தான் கதிர் விழும் எல்லை. குழந்தை நெஞ்சுக்கு எடுக்கும்போது அது வயிறு வரை நீண்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது சுமார் 0.02 மில்லிசீவெர்ட் (உடம்புக்குக் கதிரால் வரும் பாதிப்பை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயற்கையாகவே வருடத்துக்குச் சராசரியாக 2.4 வருகிறது. அதாவது ஒரு நெஞ்சு எக்ஸ்ரே அதில் மூன்று நாள் கணக்கு. வயிற்று சிடி என்றால் 8, 10 வரை போகும். கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்: எலும்பு ஆபரேஷனில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) ஓடும்போது பக்கத்திலேயே நிற்கிறேன். ஏப்ரன் இருக்கிறது. அது போதுமா?

நல்ல கேள்வி, தங்கச்சி. 0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன், உங்கள் மேல் படும் சிதறல் கதிரில் 95 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். ஆனால் நம் ஊர் தியேட்டர்களில் முக்கால்வாசி ஏப்ரன் முன்பக்கம் மட்டும் மூடுவது. நீங்கள் டிராலிப் பக்கம் திரும்பி கருவி எடுக்கும்போது முதுகு திறந்து கிடக்கிறது! சுற்றிச் சுற்றி வேலை செய்பவர்களுக்குச் சட்டை, பாவாடை என இரண்டாகப் பிரிந்து சுற்றிலும் மூடும் ஏப்ரன்தான் சரி. எடையும் இடுப்புக்கு இறங்குவதால் தோள் வலி குறையும். கழுத்துக்குத் தைராய்டு காலரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஏப்ரனைவிடப் பெரிய காவல் தூரம். நோயாளியின் உடம்புதான் சிதறல் கதிரின் ஊற்று. அங்கிருந்து 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் கதிர் கால்வாசியாகிவிடும். டாக்டர் கதிரை விடும் மிதியை அழுத்தும் அந்தச் சில நொடிகளில் உங்களுக்கு வேலை இல்லையென்றால் இரண்டடி பின்னால் போங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், சி-ஆர்மில் கதிர் கிளம்பும் குழாய் மேசைக்குக் கீழேயும், அதைப் பிடித்துப் படமாக்கும் டிடெக்டர் மேலேயும் இருக்க வேண்டும், டிடெக்டர் நோயாளியை ஒட்டி இருக்க வேண்டும். பக்கவாட்டில் படம் எடுத்தால் டிடெக்டர் பக்கம் நில்லுங்கள். குழாய் பக்கம்தான் சிதறல் அதிகம். கதிர்ப் பாதைக்குள் கையை வைத்துப் பிடிக்கும் பழக்கத்தை டாக்டர்களே விட வேண்டும். ஈயக் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே வைத்தாலும் பயனில்லை, கருவி கதிரைக் கூட்டிக்கொள்ளும்.

ரேடியோகிராஃபி மாணவர்: அக்கா, டிஎல்டி பேட்ஜை (நம் மேல் பட்ட கதிரை அளக்கும் அட்டை) ஏப்ரனுக்கு உள்ளே போடணுமா, வெளியேவா?

உள்ளே, நெஞ்சு மட்டத்தில். வேலை முடிந்ததும் ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போகாதே தம்பி. இரவு முழுக்க எடுக்கும் படங்களின் கதிர் உன் கணக்கில் ஏறும், பிறகு விளக்கம் எழுத வேண்டிவரும். அதைவிட ஆபத்து, அளவு கூடிவிடும் என்று பயந்து பேட்ஜையே கழற்றி வைப்பது. கேத் லேப்பில் இதைப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. யாரையும் மாட்டிவிடுவதற்காக அது இல்லை, உன்னைக் காப்பதற்குத்தான்.

நம் நாட்டில் கதிர் வேலை பார்ப்பவர்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு: தொடர்ந்து 5 வருடங்களுக்குச் சேர்த்து 100 மில்லிசீவெர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக நடக்கும் சாதாரண எக்ஸ்ரே அறையில் இதன் பக்கத்தில்கூட யாரும் போவதில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: கர்ப்பம் என்று தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். கருவைக் கலைத்துவிடு என்கிறார்கள் வீட்டில்.

வேண்டவே வேண்டாம் அம்மா. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் (உடம்பு உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு) குறைவு. கதிரால் கருவுக்குக் குறைபாடு வரும் என்று யோசிக்கும் அளவே 100 மில்லிகிரே பக்கம்தான். வயிற்றில் சிடி எடுத்திருந்தாலும் பெரும்பாலும் 50-க்குள்தான் இருக்கும். இந்தக் காரணத்துக்காக ஒரு கருவைக் கலைக்கத் தேவையில்லை. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் எப்போது, எந்தப் படம் என்று சொல்லுங்கள். வீட்டாரையும் கூட்டிப்போய் அவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

சிறிய ஸ்கேன் சென்டர் நடத்துபவர்: ஏப்ரனை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும்?

வருடம் வைத்து மாற்றுவதில்லை, விரிசல் பார்த்துத்தான். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஃப்ளோரோஸ்கோப்பியில் (தொடர்ந்து ஓடும் எக்ஸ்ரே படத்தில்) வைத்தோ எக்ஸ்ரே எடுத்தோ பாருங்கள். மடித்து நாற்காலியில் போட்டால் மடிப்பிலேயே உள்ளே வெடிக்கும், மேல் துணி புதுசாகவே தெரியும். அகலமான கொக்கியில் தொங்கவிடுங்கள்.

வார்டில் அப்பாவுடன் இருப்பவர்: பக்கத்துப் படுக்கைக்குப் போர்ட்டபிள் எக்ஸ்ரே கொண்டுவந்தால் ஓடணுமா? எடுத்த பிறகு கதிர் அங்கேயே தங்குமா?

ஓட வேண்டாம். 2 மீட்டர் தள்ளி, கதிர் நோக்காத பக்கம் நின்றால் போதும். பல்பை அணைத்ததும் வெளிச்சம் போவதுபோல், படம் எடுத்த கணமே கதிரும் போய்விடும். காற்றிலோ மெத்தையிலோ எதுவும் மிஞ்சாது. அப்பா எழுந்து நகர முடியாதவர் என்றால், கதிர் அவர் படுக்கைப் பக்கம் நோக்காமல் இருக்கிறதா என்று மட்டும் டெக்னீசியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.