நடக்க முடிகிறது, தரையிலிருந்து எழத்தான் முடியவில்லை!

கேள்வி: எனக்கு 48 வயது. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். சர்க்கரை, பிபி எதுவும் இல்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாகிவிட்டது. ‘வயசாச்சு, இனிமே நாற்காலி கேட்டு உட்காரு’ என்கிறார் கணவர். ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நாற்காலி வேண்டும்தான், ஆனால் அவர் சொல்கிற காரியத்துக்கு அல்ல.

நடப்பதை விட்டுவிடாதீர்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் நடக்கும்போது முட்டி கொஞ்சம்தான் மடங்குகிறது. தரையிலிருந்து எழுவதற்கு முட்டியும் இடுப்பும் நன்றாக மடங்கிய நிலையிலிருந்து மொத்த உடம்பையும் மேலே தள்ள வேண்டும். தொடையும் புட்டமும் செய்கிற வேலை அது. கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட், டைனிங் டேபிள், நின்றபடி சமையல் என்று நாள் போனால், முட்டி உயரத்துக்குக் கீழே நாம் இறங்குவதே இல்லை. ‘அம்மி அரைத்த காலத்தில்...’ என்று உடனே யாராவது ஆரம்பிப்பார்கள். அந்தப் பாட்டிகளுக்கும் முட்டிவலி இருந்தது. எனக்கு அந்த ஏக்கமெல்லாம் கிடையாது.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. முப்பதைத் தாண்டினாலே தசை மெல்லக் குறைய ஆரம்பிக்கும். ஆனால் வேலை கொடுத்தால் பலம் திரும்பும். அமெரிக்காவின் பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய பத்து பேருக்கு 8 வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990-ல் வெளியானது. முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலே போயிருந்தது. உங்களுக்கு 48தானே?

சரி, அந்த நாற்காலிக்கு வருவோம். நகராதபடி அதைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, மனதுக்குள் நாலு எண்ணியபடி மெதுவாக இறங்கி உட்காருங்கள். பொத்தென்று விழக் கூடாது, இறங்கும்போதுதான் பாதிப் பயிற்சி நடக்கிறது. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். இப்படி எட்டு முறை, சற்று ஓய்வு, அப்புறம் இன்னும் இரண்டு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பன்னிரண்டு முறை அலுங்காமல் வந்துவிட்டால் நாற்காலியை விட்டுவிட்டு அதைவிடக் குள்ளமான ஸ்டூலுக்கு இறங்குங்கள். அதுவும் சுலபமானால் மோடா, கடைசியில் மணைப்பலகை. அவசரம் வேண்டாம். நாற்காலியிலிருந்து ஸ்டூலுக்கு வரவே சிலருக்கு ஒன்றரை மாதம் ஆகும்.

பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம், முழுக்க உட்கார்ந்து எழுந்தால் அசல் தொடைப்பயிற்சிதான். நாம்தான் முட்டியை லேசாக ஆட்டிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அதுவரை அடுத்த விசேஷத்துக்கு என்ன செய்வது? உட்கார்ந்த இடத்திலிருந்து நேராக எழப் பார்க்காதீர்கள். ஒரு பக்கமாகத் திரும்பிக் கையை ஊன்றி மண்டியிடுங்கள். ஒரு பாதத்தை முன்னால் வைத்து, அந்தத் தொடையில் இரண்டு கைகளையும் அழுத்தி எழுந்திருங்கள். வீட்டில் கட்டிலோரமாக இரண்டு பக்கமும் பழகுங்கள். புடவையோடும் ஒரு தடவை செய்து பாருங்கள், கொசுவம் காலில் மாட்டும்.

ஆரம்பத்தில் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். படி இறங்கும்போது தெரியும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். முட்டிக்குள் சுரீரென்று குத்தினாலோ, வீங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வலி, வீக்கம் இல்லாமல் வெறுமனே ‘கடக்’கென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. சாதமும் ரசமும் மட்டும் தசைக்குப் போதாது. தினமும் முட்டை, சுண்டல், பருப்பு, தயிர் என்று புரதம் இருக்கட்டும். சாயங்கால டீக்கு பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சாப்பிடலாம்.