அம்பின் தண்டில் இறகு ஒட்ட எந்தப் பசையைத் தேர்ந்தெடுப்பது?

அம்பின் பின்முனையில் ஒட்டப்படும் இறகு, காற்றின் எதிர்ப்பைப் பயன்படுத்தி அம்பை நேராகச் செலுத்துகிறது. நாணிலிருந்து விடுபடும் கணத்தில் தண்டு வளைந்து நிமிர்வதால், இறகைப் பிடித்திருக்கும் பசை வலுவாக இருப்பதோடு சற்று வளைந்துகொடுக்கவும் வேண்டும்.

எந்தப் பசை என்பதைத் தண்டின் பொருளே தீர்மானிக்கிறது. மூங்கிலும் மரமும் நீரை உறிஞ்சுவதால் தச்சர்களின் வெள்ளைப் பசை அவற்றில் நன்கு பிடிக்கும். ஆனால் அது மெதுவாகக் காயும், மழையில் நனைந்தால் இளகும். அலுமினியமும் கார்பனும், ஏன், வார்னிஷ் பூசிய மரமும்கூட, நீரை உறிஞ்சாது. இவற்றுக்கு அம்புக்கென்றே விற்கப்படும் பசையோ, காற்றின் ஈரத்தால் நொடிகளில் இறுகும் சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) பசையோ பொருந்தும். பின்னது இறுகியபின் நொறுங்கும் தன்மையுடையது என்பதால் நான் முன்னதையே விரும்புவேன். தர்மபுரிக் கோடையில் வெயிலில் நிற்கும் காருக்குள் அம்புகளை வைப்பவர்கள், உருக்கி ஒட்டும் பசையைத் தவிர்ப்பது நல்லது.

பசையைவிடப் பரப்பே முக்கியம். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் டியூபை உரசித் துடைத்த பிறகுதான் பசை தடவுகிறார். கைவிரலின் எண்ணெய் படிந்த தண்டுக்கும் அதே சிகிச்சை தேவை. இறகின் முன்முனையில் நூல் சுற்றினால், இறகு பெயர்ந்து கையைக் கிழிக்காது.

பசையை அதிகம் தடவினால் பிடிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தடித்த பூச்சு உள்ளே காயத் தாமதமாகி, அம்பின் பின்பக்க எடையையும் கூட்டுகிறது.