கொப்புள நோய் வித்திகளைக் கணினி ஏன் இரட்டிப்பாக எண்ணுகிறது?

ஹட்டன் பக்கத்திலிருந்து உயர்தர உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வந்த இலைகளைக் கழுவி, அந்த நீரிலுள்ள வித்திகளை நியூபவர் எண்ணும் தட்டில் இட்டு, 40× பொருள்வில்லையில் போன் கமராவால் படமெடுத்து, இமேஜ்-ஜே மென்பொருளில் எண்ணுகிறோம். ஒரு தொகுதிப் படங்களில் மாணவர்கள் கண்ணால் எண்ணியது 118, மென்பொருள் சொன்னது 207. இன்னொரு நாள் கண்ணால் 90, மென்பொருளில் 61. எந்த எண்ணை நம்புவது? பசை தடவிய ஸ்லைட்டை மலையில் தொங்கவிட்டுக் காற்றில் வரும் வித்திகளையும் இப்படி எண்ணலாமா?”

இப்போதைக்குக் கண்ணால் எண்ணியதையே நம்புங்கள். கூடியதும் குறைந்ததும் ஒரே பிழையல்ல. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலில் 207. கொப்புள நோயைத் தரும் எக்ஸோபசிடியம் வெக்சன்ஸ் பூஞ்சையின் வித்தி நிறமற்றது, நீளவாட்டானது. முளைக்கத் தயாராகும்போது நடுவே ஒரு பிரிசுவர் விழுந்து இரு கலமாகிறது. பார்க்கிறவருக்கு அது ஒரு வித்தி. மென்பொருளுக்கு அப்படியல்ல. சாயமேற்றினால் இரு பாதிகளின் உள்ளீடு கருமையாகத் தெரிகிறது, இடையிலுள்ள சுவர் வெளிறிய கோடாக நிற்கிறது. த்ரெஷோல்ட் (கருமைக்கு ஒரு வரம்பு வைத்துப் பொருளையும் பின்னணியையும் பிரிக்கும் படி) அந்தக் கோட்டைப் பின்னணியென்று எடுத்துக்கொண்டால் ஒரு வித்தி இரண்டு துகளாகிவிடும். கோடு மறைந்தாலும் இடுப்பு சற்றே ஒடுங்கியிருந்தால் வாட்டர்ஷெட் கட்டளை அந்த இடத்தில் வெட்டும். ஒட்டிக்கிடக்கும் வட்டமான துகள்களைப் பிரிக்கவே வாட்டர்ஷெட் உதவும். ஈஸ்ட் கலங்களுக்கு அருமையான கருவி, இந்த வித்திக்கு அது கத்தி. எல்லா வித்தியும் இரு கல நிலையில் இராததால் எண்ணிக்கை சரியாக இரட்டிக்காமல் 207-இல் நின்றிருக்கலாம்.

இதை ஐந்து நிமிடத்தில் உறுதி செய்யலாம். அனலைஸ் பார்ட்டிகல்ஸில் ‘ஷோ’ என்ற இடத்தில் அவுட்லைன்ஸைத் தேர்ந்து ஓட்டுங்கள். எதை எதைத் துகளாக எண்ணியது என்று மென்பொருளே வரைந்து காட்டும். அந்த வரைபடத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதிக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அடுத்து, கிடைத்த பரப்பளவுகளைக் கொண்டு ஒரு வரைபடம் போடுங்கள். ஒரே மேடு வந்தால் நல்லது. இரண்டு மேடுகள் வந்து, சிறியது பெரியதன் பாதிப் பரப்பில் நின்றால், வெட்டுப்பட்ட வித்திகள் அவை. வட்டத்தன்மையும் காட்டிக்கொடுக்கும். முழு வட்டத்துக்கு அது 1. நீளம் அகலத்தின் இரு மடங்கான நீள்வட்டத்துக்குச் சுமார் 0.84, மூன்று மடங்கானால் 0.66. முழு வித்திகள் இந்த எல்லைக்குள் விழ, பாதிகள் 1-ஐ நோக்கி நகரும்.

சரிசெய்ய, வாட்டர்ஷெட்டை விட்டுவிடுங்கள். த்ரெஷோல்ட் செய்த பிறகு பைனரி பட்டியலில் ‘க்ளோஸ்’ கட்டளையை ஒருமுறை கொடுத்தால் பிரிசுவரின் மெல்லிய இடைவெளி அடைபடும், அதன் பின் ‘பில் ஹோல்ஸ்’. உண்மையாகவே ஒட்டிக்கிடக்கும் வித்திக் கூட்டங்களுக்குப் பரப்பைப் பயன்படுத்துங்கள்: தனி வித்தியின் இடைநிலைப் பரப்பைக் கண்டு, கூட்டத்தின் பரப்பை அதனால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணை எடுங்கள். நாலைந்து வித்திகளுக்கு மேற்பட்ட கூட்டங்களில் இது நம்பத்தக்கதல்ல. அத்தகைய கூட்டங்கள் பல இருந்தால் குறை கரைசலில் இருக்கிறது, மென்பொருளில் அல்ல.

இனி 61. வித்திகள் காணாமற்போவதற்குப் பெரும்பாலும் வெளிச்சமே காரணம். நிறமற்ற வித்தியைக் கண்ணுக்குத் தெளிவாக்க, நுணுக்குக்காட்டி மேடைக்குக் கீழே ஒளியைக் கட்டுப்படுத்தும் கண்டென்சர் திரையை மூடிவைப்பது வழக்கம். அப்போது வித்தியின் விளிம்பு கருவளையமாகவும் நடுப்பகுதி பின்னணி நிறமாகவும் தெரியும். மூளை அந்த வளையத்தை நிரப்பிப் பார்த்துவிடும், த்ரெஷோல்ட் நிரப்பாது. வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் ‘பில் ஹோல்ஸ்’ கூட உதவாது. அறுந்த துண்டுகள் நீங்கள் கொடுத்த குறைந்தபட்சப் பரப்புக்குக் கீழே விழுந்து நீங்கிவிடும். அதோடு, திரையை மூடினால் எண்ணும் தட்டின் கோடுகளும் கருமையாகும். கோட்டின் மேல் கிடக்கும் வித்தி கோட்டோடு ஒட்டி ஒரே பெரும் பொருளாகி, மேல் வரம்பைத் தாண்டி அதுவும் நீங்கும்.

ஆகவே கண்ணுக்கு ஏற்ற வெளிச்சம் வேறு, கணினிக்கு ஏற்ற வெளிச்சம் வேறு. கணினிக்கு வித்தியைச் சாயமேற்றித் திரையைத் திறந்துவையுங்கள். திறந்தால் சாயமில்லாத கோடுகள் மங்கும், சாயமேறிய வித்தி அப்படியே கருமையாக நிற்கும். லாக்டோபீனால் கொட்டன் ப்ளூ போதும். 0.9 மில்லிலீற்றர் வித்திக் கரைசலுக்கு 0.1 மில்லிலீற்றர் சாயம், முடிவில் எண்ணை 1.11-ஆல் பெருக்க வேண்டும். இலையைக் கழுவிய உடனேயே சாயத்தைக் கலந்துவிடுவது நல்லது. நீரில் விட்டுவைத்தால் வித்திகள் முளைக்கத் தொடங்கி வால் நீட்டும், பிறகு எந்த வடிவ வரம்பும் செல்லாது. லாக்டோபீனாலில் பீனால் இருக்கிறது, தோலைச் சுடும். அதைக் கலப்பது கையுறையும் கண்ணாடியும் அணிந்த ஆசிரியரின் வேலையாக இருக்கட்டும், மாணவருக்குக் கொடுக்க வேண்டாம்.

நீலச்சாயம் சிவப்பு ஒளியை உறிஞ்சும். எனவே படத்தை நேரே கறுப்பு வெள்ளையாக்காமல், ‘ஸ்ப்ளிட் சேனல்ஸ்’ கொடுத்துச் சிவப்புப் படத்தை மட்டும் எடுங்கள். வித்திகள் அதில் மிகக் கருமையாகத் தெரியும், தேயிலைச் சாற்றின் பழுப்புத் துணுக்குகள் வெளிறும். இலைக் கலங்களிலிருந்து வரும் பச்சையவுருமணிகள் மட்டும் ஓரளவு கருமையாகவே நிற்கும். அவை 5 மைக்ரோமீற்றர் அளவிலான வட்டங்கள் என்பதால் பரப்பிலும் வடிவத்திலும் கழிக்கலாம். ஆனாலும் அவை வராமலே பார்ப்பது மேல்: இலையைக் கசக்கவோ தேய்க்கவோ வேண்டாம், கொப்புளத்தின் வெண்பரப்பில் நீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். நீரில் 0.05 சதவீதம் ட்வீன் 20 என்ற சவர்க்காரம் போன்ற பொருளைச் சேர்த்தால் வித்திகள் திரளாது. அதற்கு மேல் சேர்த்தால் நுரை வரும், குமிழிகளும் துகளாகிவிடும்.

தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நியூபவர் தட்டுடன் வரும் தடித்த மூடுகண்ணாடியையே பயன்படுத்த வேண்டும். சாதாரண மெல்லிய மூடுகண்ணாடி நீரின் இழுவையில் வளைந்து, 0.1 மில்லிமீற்றராக இருக்க வேண்டிய ஆழத்தை மாற்றிவிடும். ஆழம் மாறினால் கனவளவு மாறும், அதன் பின் எவ்வளவு நல்ல மென்பொருளும் உதவாது. தடித்த கண்ணாடிக்கு ஒரு விலை உண்டு. பொதுவான 40× வில்லைகள் 0.17 மில்லிமீற்றர் மூடுகண்ணாடிக்காகச் செய்யப்பட்டவை. எண்ணும் தட்டின் கண்ணாடி அதைவிட இரு மடங்குக்கு மேல் தடித்தது. படம் சற்று மங்கலாக வரும், வில்லை கண்ணாடியில் முட்டவும் கூடும். 20× இருந்தால் அதையே போடுங்கள். வித்தியின் அகலத்துக்குக் குறைந்தது பத்துப் பிக்சலாவது கிடைத்தால் எண்ணுவதற்குப் போதும். சுமார் 10 மைக்ரோலீற்றர் விட்டு, வித்திகள் படிய ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

போனைப் பொருத்தவரை மாறாமை ஒன்றே முக்கியம். தாங்கியில் பூட்டுங்கள், போன் திரையை நீண்ட நேரம் அழுத்திக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டுங்கள், எச்டிஆரையும் அழகூட்டும் வசதிகளையும் அணையுங்கள், ஸூமைத் தொடாதீர்கள். போன் தன்னிச்சையாக விளிம்புகளைக் கூர்மையாக்கும்போது வித்தியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும், அது பரப்பளவைக் கெடுக்கும். அளவுகோலுக்குத் தனியாக அளவு ஸ்லைட் வாங்கத் தேவையில்லை. தட்டின் நடுச் சதுரத்திலுள்ள மிகச்சிறிய கட்டம் 50 மைக்ரோமீற்றர், பக்கத்துக்கு அத்தகைய நான்கு கொண்ட நடுத்தரக் கட்டம் 200 மைக்ரோமீற்றர். ஒரு நடுத்தரக் கட்டத்தின் குறுக்கே நேர்கோடு இழுத்து ‘செட் ஸ்கேல்’-இல் 200 என்று கொடுங்கள். மூன்று கோடுகள் சேர்ந்து ஓடும் இடத்தில் நடுக்கோடே எல்லை. போனைக் கழற்றி மாட்டினால் அளவுகோலையும் புதிதாகப் போட வேண்டும்.

ஓட்டும் ஒழுங்கு இது. சிவப்புப் படத்தை ஒரு நடுத்தரக் கட்டத்துக்கு வெட்டுங்கள். ‘சப்ட்ராக்ட் பேக்கிரவுண்ட்’-இல் ‘லைட் பேக்கிரவுண்ட்’ தேர்ந்து, ஆரத்தை வித்தி நீளத்தின் இரண்டு மூன்று மடங்குப் பிக்சலாகக் கொடுங்கள். ஆரம் வித்தியைவிடச் சிறிதானால் வித்தியையே பின்னணியென்று அழித்துவிடும். சிறு புள்ளிகளை நீக்கும் மீடியன் வடிகட்டியின் ஆரம் 1 அல்லது 2. பிறகு த்ரெஷோல்ட். பலரும் தெரியும் ஒட்ஸு முறை பின்னணியும் பொருளும் ஓரளவு சமமாக இருக்கும் படங்களுக்கு ஏற்றது. வித்திகள் படத்தின் இரண்டு மூன்று சதவீதத்தையே பிடிக்கும்போது அது தடுமாறும், ‘ட்ரையாங்கிள்’ முறையைப் பரீட்சித்துப் பாருங்கள். எந்த முறையானாலும் எல்லாப் படங்களுக்கும் ஒன்றே. மாணவர் ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குச் சரியாகப் படும்வரை சறுக்குக்கட்டையை நகர்த்தினால், நகர்த்தியவர் கையைத்தான் அளக்கிறோம். கட்டளைகளைப் பதிந்து மேக்ரோவாக ஓட்டினால் அந்தச் சபலமே எழாது.

விளிம்பில் பாதி தெரியும் வித்திகளை என்ன செய்வது? கண்ணால் எண்ணும்போது மேல், இடது விளிம்புகளைத் தொடுபவற்றைச் சேர்த்து, கீழ், வலது விளிம்புகளைத் தொடுபவற்றை விடுகிறோம். இமேஜ்-ஜேயின் ‘எக்ஸ்க்ளூட் ஆன் எட்ஜஸ்’ நான்கு பக்கமும் தொடுபவற்றைத் தள்ளிவிடும், எண்ணிக்கை குறையும். அந்த வசதியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டிச் சராசரி எடுங்கள். வெட்டப்பட்ட சிறு துண்டுகளும் சேரும்படி கீழ்ப்பரப்பு வரம்பைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கும்.

ஒரு நடுத்தரக் கட்டத்தின் மேலுள்ள கனவளவு 0.004 மைக்ரோலீற்றர். கட்டத்துக்குச் சராசரி எத்தனையோ அதை 250,000-ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலீற்றருக்கு எத்தனை என்று வரும். அந்த எண்ணின் உறுதி, மொத்தமாக எண்ணிய வித்திகளின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 100 எண்ணினால் 10 சதவீதம் ஆடும், 400 எண்ணினால் 5 சதவீதம். உங்கள் 118-க்கு ஏறத்தாழ 11 கூடக்குறைய இருப்பது இயல்பே. அந்த எல்லைக்குள் நிற்கும் வேறுபாட்டுக்காக மென்பொருளைத் திருத்திக்கொண்டிராதீர்கள்.

மொத்த எண் பொருந்திவிட்டாலும் வேலை முடியவில்லை. 100 வித்திகளில் 20-ஐத் தவறவிட்டு, 20 தூசியைச் சேர்த்தாலும் மொத்தம் 100 என்றே வரும். ஆகவே பத்துப் படங்களில் ஒவ்வொரு வித்தியையும் மாணவர் புள்ளியிட்டு, மென்பொருள் வரைந்த கோடுகளோடு ஒப்பிட்டு, சரியாகப் பிடித்தது, தவறவிட்டது, பொய்யாகச் சேர்த்தது என மூன்று எண்களைத் தனித்தனியே எழுதுங்கள். இது உயர்தர மாணவருக்கு நல்ல செயற்பாடும்கூட.

இவ்வளவுக்கும் பிறகும் தூசி கலந்த படங்கள் அடங்கவில்லையென்றால் கற்கும் மென்பொருள்களுக்குப் போகலாம். ஸ்டார்டிஸ்ட் வட்டமான கருக்களுக்காகப் பயிற்றப்பட்டது. நீண்ட வித்திகளுக்கு செல்போஸ் பொருத்தம், அதை உங்கள் படங்களில் மேலும் பயிற்றவும் முடியும். இலஸ்டிக்கில் தூரிகையால் ‘இது வித்தி, இது பின்னணி’ என்று தீட்டிக்காட்டினால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே ஸ்லைட்டின் படங்களைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒரே வெளிச்சம், ஒரே சாயம், ஒரே தூசி என்பதால் சோதனையில் மதிப்பெண் உயரும், அடுத்த வாரப் படத்தில் சரியும். வேறு நாளில், வேறு மலையின் இலையிலிருந்து எடுத்த ஸ்லைட்டையே சோதனைக்கு வையுங்கள்.

பயிற்சிக்குச் சுத்தமான வித்தி வேண்டுமே. முதிர்ந்து வெண்ணிறமான கொப்புளமுள்ள இலையை, வெண்பக்கம் கீழே பார்க்க, ஈரத்தாள் விரித்த பெட்ரிக் கிண்ணத்தில் ஸ்லைட்டுக்குச் சற்று மேலே ஓர் இரவு தாங்கி வையுங்கள். விடியலில் ஸ்லைட்டில் வித்திகள் விழுந்து கிடக்கும். சாறில்லை, பச்சையவுருமணி இல்லை. குளிரில் இருந்த ஸ்லைட்டையும் நுணுக்குக்காட்டியையும் சூடான வகுப்பறைக்குக் கொண்டுவந்தவுடன் படமெடுக்க வேண்டாம். வில்லையில் பனிப்படலம் படியும், அரைமணி நேரம் மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மழை மாதங்களில் வில்லைகளைக் காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்காவிட்டால் வில்லையிலேயே பூஞ்சை வளரும். படத்தில் எப்போதும் ஒரே இடத்தில் தோன்றும் ‘வித்தி’ பெரும்பாலும் போன் வில்லையிலோ பார்வைத்துண்டிலோ இருக்கும் கறைதான். ஸ்லைட்டை நகர்த்தினாலும் அது நகராது.

காற்று ஸ்லைட் கேள்விக்கு வருவோம். இந்த மலைநாட்டுக்கு அது புதிதல்ல. கோப்பித் துரு நோய் 1869-இல் இலங்கையில் பதிவான பின், 1880 முதல் 1882 வரை இங்கே அதை ஆராய்ந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் காற்றில் வரும் வித்திகளைக் கண்ணாடித் துண்டுகளில் பிடித்துப் பார்த்தார். கொப்புள நோய் இங்கே வந்தது 1946-இல். வாஸ்லீனை மெல்லியதாகத் தடவி, மழை நேரே விழாத கூரையின் கீழ், கொழுந்து மட்டத்தில் ஸ்லைட்டை வைக்கலாம். ஆனால் ‘ஒரு கன மீற்றர் காற்றில் இத்தனை’ என்று அதிலிருந்து சொல்ல முடியாது, ஸ்லைட்டைக் கடந்த காற்றின் அளவு தெரியாதே. ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1952-இல் வெளியிட்ட வித்தி பிடிக்கும் பொறி நிமிடத்துக்கு 10 லீற்றர் காற்றை உறிஞ்சுவதனால்தான் அந்தக் கணக்கைத் தருகிறது. உங்கள் ஸ்லைட்டுக்கு ‘24 மணித்தியாலத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை’ என்று எழுதுங்கள், ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் வைத்த நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

காற்றில் அதே வடிவமுள்ள வேறு பூஞ்சை வித்திகளும் வரும். வடிவத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் அவற்றையும் சேர்த்துக்கொள்ளும். எனவே அட்டவணையின் தலைப்பில் ‘கொப்புள நோய் வித்தி’ என்று போடாமல் ‘கொப்புள நோய் வித்தியை ஒத்தவை’ என்று போடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வெற்று ஸ்லைட்டையும் வாஸ்லீன் தடவி வகுப்பறையிலேயே மூடி வைத்து அதே முறையில் எண்ணுங்கள். அதில் வரும் எண்ணை வெளியில் வைத்ததிலிருந்து கழிக்க வேண்டும்.