கூட்டமாகப் போகிறவருக்கு எத்தனை ஆட்-ஆன் வேண்டும்?

கேள்வி: நானும் கல்லூரித் தோழிகள் நால்வரும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் பழைய வடிவமான கிளாசிக்கை விளையாடுகிறோம். நான் பிரீஸ்ட், அதாவது மற்றவர்களின் காயத்தை ஆற்றும் ஹீலர். ஐவர் குழுவாக டன்ஜன்களை (சிறு நிலவறைச் சவால்களை) முடித்துவிட்டோம். இப்போது ஒரு கில்டில் (வீரர் சங்கத்தில்) சேர்ந்து, 40 பேருடன் மோல்ட்டன் கோர் ரெய்டுக்குப் போகப்போகிறோம். "தேவையான ஆட்-ஆன்களைப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டோடு சேர்க்கும் இந்தத் துணை நிரல்களைத் தேடினால் பட்டியல் முடிவதே இல்லை. எதைப் போடுவது, எதை விடுவது?
வாசகி, திருச்சி

பதில்: பட்டியலை மூடிவிடுங்கள். அதிலிருந்து தொடங்கினால் அழகான பைகள், வரைபடங்கள், எழுத்துருக்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். குழு ஆட்டத்துக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. நான் ஒன்றைக் கவனிக்கத் தவறினால் இன்னொருவர் சாவாரா? ஆம் என்றால், அதைக் காட்டும் ஆட்-ஆன் எனக்கு வேண்டும். இல்லையென்றால் அது என் விருப்பம், அவ்வளவுதான்.

மோல்ட்டன் கோரின் முதல் பாஸ், அதாவது முதல் பெரிய அரக்கன், லூசிஃப்ரானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் கூட்டத்தின் மேல் இரண்டு கேடுகளை ஏவுவான். ஒன்று சாபம். அது பட்டவருக்கு ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஆகும் மானா (மந்திர ஆற்றல்) இரட்டிப்பாகும். அதை மேஜ், ட்ரூயிட் என்ற பாத்திர வகையினர்தான் நீக்க முடியும், உங்களால் முடியாது. மற்றொன்று இம்பென்டிங் டூம். 10 விநாடிகளுக்குள் நீக்காவிட்டால் 2000 சேதம். இதை நீக்குவது பிரீஸ்டின் பொறுப்பு. நாற்பது பெயர்களில் யார் மேல் எது இருக்கிறது என்று சின்னச் சின்ன ஐகான்களைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த 10 விநாடி போய்விடும்.

இங்கேதான் டிகர்சிவ் என்ற ஆட்-ஆன் கைகொடுக்கிறது. ஆளுக்கு ஒன்றாகச் சிறு கட்டங்கள் திரையில் வரிசையாக நிற்கும். உங்களால் நீக்கக்கூடிய கேடு ஒருவர் மேல் விழுந்தால் அவருடைய கட்டம் நிறம் மாறும், ஒலியும் எழும். கட்டத்தைச் சொடுக்கினால் கேட்டை நீக்கும் டிஸ்பெல் மந்திரம் அவர் மேல் பாயும். அவர் எட்டாத தூரத்தில் இருந்தால் அதையும் கட்டமே காட்டிவிடும். கிளாசிக்கில் உங்கள் ஹீல் 40 கஜம் போகும், டிஸ்பெல் மேஜிக் 30 கஜம்தான் போகும். ஹீல் எட்டுகிறவருக்கெல்லாம் டிஸ்பெல் எட்டாது என்பதால், ஒரு பிரீஸ்டுக்கு இந்த விவரம் பொன் போன்றது. (பழைய நாட்களில் டிகர்சிவ் ஒரே பொத்தானில் தானே ஆளைத் தேர்ந்து நீக்கிவிடும். 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு, போரின் நடுவே ஆட்-ஆன் தானாக இலக்கைத் தேர்ந்து மந்திரம் விடுவதைத் தடுத்துவிட்டது. நல்ல முடிவு என்றே இன்றும் சொல்வேன். காப்பாற்றுகிறவர் மனிதராக இருக்க வேண்டும்.)

இரண்டாவது, கிளிக் (Clique) என்ற ஆட்-ஆன். ரெய்டு பெயர்ப் பெட்டிகளின் மேல் சுட்டியை வைத்து எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த மந்திரம் என்று அமைத்துக்கொள்ளலாம். நானும் பிரீஸ்ட்தான், என் அமைப்பைச் சொல்கிறேன். இடது சொடுக்கில் குறைந்த ரேங்க் (தாழ்ந்த நிலை) ஹீல், வலதில் ஃபிளாஷ் ஹீல், ஷிஃப்டோடு இடதில் ஷீல்டு, நடுப்பொத்தானில் டிஸ்பெல். கிளாசிக்கில் குறைந்த ரேங்க் ஹீல்தான் மானாவைக் காக்கும், அதனால் அது சுலபமான விரலில் இருக்கட்டும். ஹீல்பாட், வூடூ என்ற ஆட்-ஆன்கள் இரண்டும் இவை எல்லாவற்றையும் ஒன்றாகத் தரும், நல்லவையும்கூட. ஆனால் அமைப்புப் பக்கங்கள் மிக அதிகம். முதல் ரெய்டுக்கு முந்தைய இரவில் அவற்றைத் திறக்காதீர்கள்.

மூன்றாவது பாஸ் மாட், அதாவது பாஸின் தாக்குதல்களை எச்சரிக்கும் ஆட்-ஆன். டெட்லி பாஸ் மாட்ஸ், பிக்விக்ஸ் இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே எச்சரிக்கை இரண்டு முறை கத்தும், எதையும் கேட்க மாட்டீர்கள். தலைவர் தொடக்கக் கவுன்ட்டவுன் வைத்தால் மற்றதைப் பயன்படுத்துகிறவருக்கும் அது தெரியும், ஆகவே எது என்ற சண்டை வேண்டாம். மோல்ட்டன் கோரின் இன்னொரு பாஸ் பாரன் கெடன் யாராவது ஒருவரை வெடிகுண்டாக்குவான், 8 விநாடியில் வெடிக்கும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் ஹீல் செய்வதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைவிட்டு ஓட வேண்டும். பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் ஹீலருக்கு அந்த ஒரு சத்தம்தான் துணை. மற்ற எச்சரிக்கைகளில் உங்களுக்குச் சம்பந்தமில்லாதவற்றை அணைத்துவிடுங்கள்.

இந்த மூன்றோடு போங்கள். பெட்டிகளைத் திரையின் ஓரத்தில் ஒதுக்காமல், உங்கள் பாத்திரத்தின் காலுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பந்தியில் பரிமாறுகிறவர் இலையையும் பார்க்க வேண்டும், காலடியில் சிந்திய சாம்பாரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் மேஜ். டேமேஜ் மீட்டரில் (யார் எவ்வளவு சேதம் செய்தார் என்று வரிசைப்படுத்தும் ஆட்-ஆனில்) எப்போதும் கடைசியில் இருக்கிறேன் என்று குழுவில் பேசுகிறார்கள். முதலிடம் வர எந்த ஆட்-ஆன் உதவும்?
வாசகர், மதுரை

பதில்: தம்பி, முதலிடத்துக்கு முன்பு உயிரோடு இருக்கும் வழியைப் பார்ப்போம். உங்களுக்கு முதலில் வேண்டியது த்ரெட் மீட்டர். அரக்கனின் கோபம் யார் மேல் எவ்வளவு இருக்கிறது என்ற அளவுதான் த்ரெட். அரக்கன் யாரைக் குறிவைப்பான் என்பதற்குத் தெளிவான கணக்கு உண்டு. அருகில் நின்று அடிப்பவர் டாங்கின் (அடிகளைத் தாங்க முன்னால் நிற்பவரின்) த்ரெட்டில் 110 சதவீதத்தைத் தாண்டினால் அவர் மேல் பாய்வான். தூரத்தில் நிற்கும் உங்களுக்கு அது 130. மீட்டரில் உங்கள் கோடு டாங்கின் கோட்டைத் தொடும்போதே கையை நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்தும் இரண்டு விநாடியால் யாருக்கும் நஷ்டமில்லை. நிறுத்தாவிட்டால் உங்களைக் காப்பாற்ற ஒரு ஹீலர் தன் மானாவைக் கொட்டுவார், அது டாங்குக்குப் போக வேண்டியது.

டீடெயில்ஸ் என்ற டேமேஜ் மீட்டரைப் போட்டிருப்பீர்கள். அதில் எல்லோரும் பார்க்கும் சேதப் பட்டியலைவிட்டு மற்ற பக்கங்களைத் திறந்து பாருங்கள். யார் எத்தனை சாபம் நீக்கினார், யார் எத்தனை முறை எதிரியின் மந்திரத்தை இடைமறித்தார் என்பதெல்லாம் இருக்கும். லூசிஃப்ரானின் சாபத்தை நீக்கிக்கொண்டிருந்த மேஜ் சேதப் பட்டியலில் இறங்கத்தான் செய்வார். அதைப் பார்த்து அவரைக் குறை சொல்கிற தலைவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்க்கிறார். எனக்குப் பிடித்த பக்கம் மரணப் பதிவு. ஒருவர் சாவதற்கு முந்தைய சில விநாடிகளில் எந்த அடி விழுந்தது, எந்த ஹீல் வந்தது என்று வரிவரியாகக் காட்டும். தோற்ற பிறகு அதைத் திறந்து சேர்ந்து பேசுகிற குழு அடுத்த முயற்சியில் தேறும்.

கேள்வி: ஒரு தளத்தில் ஆட்-ஆனுக்குப் பணம் கேட்கிறார்கள், இன்னொன்றில் இன்ஸ்டாலர் இறங்குகிறது. நம்பலாமா?
வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். ஆட்-ஆன் இலவசமாக இருக்க வேண்டும், அதன் நிரல் யாரும் படிக்கும்படி திறந்திருக்க வேண்டும் என்பது விளையாட்டை உருவாக்கிய பிலிஸார்ட் 2009 முதல் வைத்திருக்கும் விதி. நன்கொடை கேட்கும் வேண்டுகோளைக்கூட விளையாட்டுக்குள் காட்டக் கூடாது. ஆட்-ஆன் என்பது லுவா மொழியில் எழுதிய கோப்புகள், கூடவே படங்களும் ஒலிகளும். விளையாட்டின் இன்டர்ஃபேஸ் கோப்புறைக்குள் உள்ள ஆட்-ஆன்ஸில் வைத்தால் போதும். ஓர் ஆட்-ஆனை வைக்க அதற்கென்று இஎக்ஸ்இ கோப்பை இயக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற தெரிந்த இடத்திலிருந்து எடுங்கள். இறக்கிய ஜிப் கோப்பை விரித்த பிறகு கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை மாட்டிக்கொண்டால் ஆட்-ஆன் தெரியாது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: கிளாசிக் அல்லாத நவீனப் பதிப்பிலும் இதே பட்டியல்தானா?
வாசகி, கோவை

பதில்: இல்லை. மிட்நைட் விரிவாக்கத்தோடு, போர் நடக்கும்போது ஆட்-ஆன்கள் தகவல்களைக் கணக்கிட்டு இதைச் செய் என்று சொல்வதைக் கட்டுப்படுத்துவதாக பிலிஸார்ட் 2025இல் அறிவித்தது. பாஸ் எச்சரிக்கையையும் டேமேஜ் மீட்டரையும் விளையாட்டுக்குள்ளேயே தர முன்வந்தது. பலரும் நம்பியிருந்த வீக்ஆராஸ் என்ற ஆட்-ஆனின் குழு, மிட்நைட்டுக்குத் தாங்கள் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே நவீனப் பதிப்பில் முதலில் விளையாட்டின் சொந்த வசதிகளை அமைத்துப் பாருங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் மட்டும் ஆட்-ஆன் தேடுங்கள்.

கேள்வி: பழைய லேப்டாப். ரெய்டில் படம் திணறுகிறது. எந்த ஆட்-ஆன் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், ஈரோடு

பதில்: முதலில் விளையாட்டின் டபிள்யூடிஎஃப் (WTF) கோப்புறையை நகலெடுத்து வையுங்கள், உங்கள் அமைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாத்திரத்தைத் தேர்வு செய்யும் திரையில் ஆட்-ஆன் பட்டியல் இருக்கும். பாதியை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். திணறல் நின்றால் குற்றவாளி அணைத்த பாதியில் இருக்கிறது, நிற்காவிட்டால் மற்ற பாதியில். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். பிழை விவரம் வேண்டுமென்றால் பக்சாக், பக்கிராபர் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ரெய்டு நாளில் எதையும் புதுப்பிக்காதீர்கள். முந்தைய நாளே புதுப்பித்து ஒரு டன்ஜனில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.